வென்ட்டில் போகும் கரைப்பானைத் திரும்பப் பிடிப்பது: நைட்ரஜன் வால்வு முதல் வடிகலன் வரை

மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலை, கிராவ்யூர் அச்சகம், பசை நாடா ஆலை, லித்தியம் பேட்டரிக்கு மின்முனை பூசும் ஆலை என்று எங்கே போனாலும் கரைப்பானின் வேலை ஒன்றுதான். கரைக்கும், பரப்பும், கழுவும். வினையில் பெரும்பாலும் செலவாகாது, விற்கும் பொருளிலும் தங்கக் கூடாது. அப்படியானால் மாதாமாதம் புதிதாக வாங்குவது எதற்கு? போன மாதம் இழந்ததை ஈடுகட்டத்தான். கொள்முதல் பட்டியலில் உள்ள டன் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே இழப்புக் கணக்கு. அந்த இழப்பில் கழிவுநீருக்கும் எரிக்க அனுப்பும் கழிவுக்கும் போனதைக் கழித்தால் மிச்சமெல்லாம் வென்ட் எனும் வாயு வெளியேறும் குழாய் வழியாகவும் கசிவாகவும் காற்றுக்குப் போனது. அது வெளியே நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடும் வெயிலோடும் சேர்ந்து தரைமட்ட ஓசோனாக மாறி, மூச்சுக் குழாயைப் புண்ணாக்குகிறது.

எனவே முதல் வேலை, ஒவ்வொரு கரைப்பானுக்கும் தனித்தனியே பொருள் சமன்பாடு போடுவது. ஆரம்ப இருப்பு, அதோடு கொள்முதல். அதிலிருந்து கடைசி இருப்பு, கழிவில் போனது, பொருளில் தங்கியது ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். எஞ்சுவது உமிழ்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 கரைப்பான் உமிழ்வு உத்தரவும், பிறகு அதை உள்ளடக்கிய 2010 தொழிற்சாலை உமிழ்வு உத்தரவும் ஆலைகளிடம் கேட்பது இதே கணக்கைத்தான். புகைபோக்கியில் கருவி வைத்து அளப்பது அந்த ஒரு குழாயை மட்டும் சொல்லும். மேன்ஹோல், சென்ட்ரிஃபியூஜ், பம்ப் சீல் வழியே போவதெல்லாம் சமன்பாட்டில்தான் அகப்படும்.

இந்தக் கணக்கை லிட்டரில் போடக் கூடாது, கிலோவில் போட வேண்டும். அசிட்டோன் ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.14 சதம் விரிகிறது. 20,000 லிட்டர் டேங்க்கை மாத ஆரம்பத்தில் விடியற்காலையிலும் மாதக் கடைசியில் நண்பகலிலும் அளந்து, இடையில் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏறத்தாழ 430 லிட்டர் ‘கூடிவிடும்’. இழப்பு அந்த அளவுக்கு மறைந்துபோகும். மீட்ட கரைப்பானில் உள்ள தண்ணீரையும் கார்ல் ஃபிஷர் முறையில் அளந்து கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரைக் கரைப்பானாக எண்ணி, மீட்பு 95 சதம் என்று எழுதிவைத்திருப்போம்.

நைட்ரஜன் வெறுங்கையோடு போவதில்லை

மூடிய ரியாக்டரில் (வினை நடக்கும் கலன்) இருக்கும் ஆவி தானாக வெளியே போகாது. அதைச் சுமந்துபோக ஒரு வாயு வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் நாமே திறந்துவிட்ட நைட்ரஜன் செய்கிறது. ஒவ்வொரு கன மீட்டர் நைட்ரஜனும் எவ்வளவு கரைப்பானைக் கொண்டுபோகும் என்பதை முடிவு செய்வது அது கடைசியாகத் தாண்டும் இடத்தின் வெப்பநிலைதான்.

ஆலைகளில் எம்டிசி என்று சொல்லப்படும் மெத்திலீன் டைகுளோரைடை எடுத்துக்கொள்வோம். கொதிநிலை 40 டிகிரி. வளிமண்டல அழுத்தத்தில், ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரை விட்டு வாயு 30 டிகிரியில் வெளியேறினால், ஒரு கன மீட்டர் நைட்ரஜன் சுமார் 8.7 கிலோ எம்டிசியை எடுத்துக்கொண்டு போகும். 0 டிகிரியில் வெளியேறினால் சுமார் 0.9 கிலோ. மைனஸ் 20 டிகிரியில் சுமார் 0.26 கிலோ. குளிர்கோபுரத் தண்ணீரை மட்டும் நம்பி எம்டிசி ஓட்டுவது ஏன் வீண் என்பதற்கு அந்த முதல் எண் போதும்.

ஆனால் இதே எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மணிக்கு 5 கன மீட்டர் நைட்ரஜன் பத்து மணி நேரம் ஓடினால், 0 டிகிரி கண்டென்சருக்குப் பிறகும் 44 கிலோ போகும். பெரிய சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) வாங்கி மைனஸ் 20-க்கு இறக்கினால் அது 13 கிலோவாகும். சில்லரைத் தொடாமல் நைட்ரஜனை மணிக்கு அரை கன மீட்டராகக் குறைத்தாலோ 4.4 கிலோதான். வாயு ஓட்டத்தைக் காட்டும் ரோட்டாமீட்டர் பக்கத்தில் உள்ள ஒரு ஊசி வால்வு, மின்சாரம் தின்னும் சில்லரை விட அதிகம் பிடித்துக் கொடுக்கிறது. மீட்புத் திட்டம் என்றதும் எல்லோரும் வடிகலன், ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் கார்பன் பெட் என்று பெரிய இயந்திரங்களின் விலை கேட்கிறார்கள். சுமந்துபோகும் வாயுவைக் குறைக்காமல் எந்த இயந்திரம் வாங்கினாலும், தேவைக்கு மேல் பெரிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

நைட்ரஜன் ஏன் தேவைக்கு மேல் ஓடுகிறது? வழக்கமான காரணங்கள் மூன்று. பாதுகாப்புக்காகத் திறந்து வைத்த ரோட்டாமீட்டரை யாரும் மூடுவதில்லை. அதற்குப் பதில், அழுத்தம் குறைந்தால் மட்டும் திறக்கும் பிளாங்கெட்டிங் வால்வு போட வேண்டும். இரண்டாவது, அந்த வால்வு போட்ட பிறகும், டேங்க்கின் மூச்சு வால்வு அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் திறக்கும்படி அமைந்திருக்கும். ஒன்று 20 மில்லிபாரில் உள்ளே விட, மற்றொன்று 15 மில்லிபாரிலேயே வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மூடிய அமைப்பு என்று நம்பிக்கொண்டிருக்கும் டேங்க் இரவும் பகலும் ஊதிக்கொண்டே இருக்கும். இரண்டு வால்வுகளின் அமைப்பு அழுத்தத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜனை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் ஓடவிடும் பழக்கம். காலி ரியாக்டரை 200 மில்லிபாருக்கு இறக்கி நைட்ரஜனால் நிரப்பினால் 21 சதம் ஆக்சிஜன் 4.2 ஆகும், இன்னொரு முறை செய்தால் 0.84 ஆகும். இதற்குச் செலவாகும் நைட்ரஜன் ரியாக்டர் கொள்ளளவில் 1.6 மடங்கு. ஓடவிட்டு இதே அளவுக்குக் கொண்டுவர, கலப்பு நன்றாக நடந்தால் 3.2 மடங்கு வேண்டும். பெரும்பாலான கரைப்பான் ஆவிகள் தீப்பிடிக்கக் குறைந்தது 8 முதல் 12 சதம் ஆக்சிஜன் தேவை என்பதால், ஆக்சிஜன் அளவி ஒன்றை வைத்துக்கொண்டு நைட்ரஜனைக் குறைப்பது பாதுகாப்பைத் தளர்த்துவது ஆகாது. அளவி இல்லாமல் குறைப்பதுதான் ஆபத்து.

டேங்க் நிரப்பும்போது நடப்பதும் இதுதான். 30 டிகிரியில் 10 கன மீட்டர் அசிட்டோனை ஒரு டேங்க்கில் இறக்கினால், அங்கிருந்த 10 கன மீட்டர் வாயு வெளியே தள்ளப்படுகிறது. அதில் ஏறத்தாழ 37 சதம் அசிட்டோன் ஆவி. எடை கிட்டத்தட்ட 8.7 கிலோ. லாரிக்கும் டேங்க்குக்கும் இடையே ஓர் ஆவித் திரும்புகுழாய் இழுத்துவிட்டால் அந்த வாயு லாரிக்கே போய்விடும், கண்டென்சரே தேவையில்லை. குழாயின் தாழ்வான இடத்தில் திரவம் தேங்கி அடைத்துக்கொள்ளாதபடி சரிவு கொடுக்க வேண்டும், தீத்தடுப்பான் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மேலிருந்து கொட்டி நிரப்பாமல் அடிவரை இறங்கும் குழாயில் நிரப்பவும். குழாய் முனை மூழ்கும்வரை வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். டொலுயீன், ஹெக்ஸேன் போன்றவை மின்சாரம் கடத்தாதவை. கொட்டினால் ஆவியும் கூடும், நிலைமின்னூட்டமும் சேரும்.

வேக்குவம் பம்ப்புக்கு எந்தப் பக்கம் கண்டென்சர்?

வேக்குவத்தில் வடிக்கும்போதும் உலர்த்தும்போதும் மிகப் பெரிய இழப்பு நடப்பது இங்கே. கண்டென்சர் வழக்கமாக ரியாக்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கும். அங்கே மொத்த அழுத்தமே 100 மில்லிபார் என்றால், 0 டிகிரியில்கூட அசிட்டோனின் ஆவியழுத்தம் மட்டும் சுமார் 93 மில்லிபார். நைட்ரஜனுக்கும் கசிந்து நுழையும் காற்றுக்கும் மிஞ்சுவது 7. அதாவது உள்ளே புகும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றுக்கும் முப்பது கிலோவுக்கு மேல் அசிட்டோன் கண்டென்சரைத் தாண்டி பம்ப்புக்குள் போய்விடும். அதே 0 டிகிரி கண்டென்சரை பம்ப்புக்குப் பின்னால், வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால் போவது சுமார் 260 கிராம்.

ஆகவே பம்ப்புக்குப் பின்னால் இரண்டாவது கண்டென்சர் கட்டாயம். அது பயன்பட வேண்டுமானால் பம்ப் உலர்வகையாக இருக்க வேண்டும். தண்ணீர் வளைய பம்ப் என்றால் கரைப்பான் அந்தத் தண்ணீரில் கரைந்து கழிவுநீருக்குப் போய், அங்கே காற்றடிக்கும் தொட்டியில் மறுபடி ஆவியாகும். வென்ட்டில் குறைந்துவிட்டது என்று எழுதிக்கொள்வோம். உண்மையில் இடம்தான் மாறியிருக்கும். உடனே பம்பை மாற்ற முடியாத ஆலைகளில், தண்ணீருக்குப் பதில் அந்தக் கரைப்பானையே குளிரவைத்து வளையத் திரவமாக ஓட்டுவதுண்டு. டொலுயீன் போலக் கொதிநிலை உயர்ந்தவற்றுக்கு அது நன்றாகவே ஒத்துவரும். அசிட்டோனுக்கும் எம்டிசிக்கும் எடுபடாது.

கசிவுச் சோதனைக்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. ரியாக்டரைக் காலி செய்து, நன்றாக உலர்த்தி, வேக்குவத்தில் வைத்து, எல்லா வால்வுகளையும் மூடிவிட்டு மானியைப் பாருங்கள். 5 கன மீட்டர் அமைப்பில் பத்து நிமிடத்தில் 10 மில்லிபார் ஏறினால் கசிவு மணிக்கு சுமார் 0.3 கன மீட்டர். உள்ளே ஈரம் இருந்தால் அதன் ஆவியும் அழுத்தத்தை ஏற்றும். அந்தச் சோதனையை நம்ப முடியாது. குற்றவாளி பெரும்பாலும் கலக்கித் தண்டின் சீல், மேன்ஹோல் கேஸ்கெட், அடி வால்வு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கண்டென்சரில் ஒளிந்திருக்கும் கோளாறுகள்

பதிவேட்டில் பிரைன் (கண்டென்சரைக் குளிர்விக்கும் உப்புநீர்) வெப்பநிலை எழுதப்பட்டிருக்கும். இழப்பைத் தீர்மானிப்பது அது அல்ல. வெளியேறும் வாயுவின் வெப்பநிலை. பிரைன் மைனஸ் 15 என்றும் வாயு 12 டிகிரி என்றும் இருப்பது சாதாரணம். வாயு வெளியேறும் குழாயில் ஒரு வெப்பமானி வைத்தால் கண்டென்சர் கதை முழுக்கத் தெரியும்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது திரவம் இறங்கும் குழாய். அதில் யூ வடிவ வளைவு இல்லையென்றாலோ, இருந்தும் வற்றிக் கிடந்தாலோ, ஆவி கண்டென்சர் வழியே போகாமல் அந்தக் குழாய் வழியே ஏறி, வடிந்த திரவம் சேரும் ரிசீவருக்குப் போய், அங்கிருந்து ரிசீவரின் வென்ட்டில் வெளியேறும். கண்டென்சருக்கு வென்ட் கண்டென்சர் போட்டவர்கள் ரிசீவர் வென்ட்டை அப்படியே வானத்துக்கு விட்டிருப்பதும் உண்டு. இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து குளிர்ந்த கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். யூ வளைவின் உயரம், அமைப்பில் வரக்கூடிய அழுத்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். 20 மில்லிபாருக்கு டொலுயீன் போன்ற லேசான திரவத்தில் சுமார் 24 செ.மீ. வேண்டும், பாதுகாப்புக்கு இரட்டிப்பாக வைப்பது நல்லது.

0 டிகிரிக்குக் கீழே போனால் வாயுவில் உள்ள தண்ணீர் குழாய்களில் பனியாகப் படியும். அழுத்த வீழ்ச்சி மெல்ல ஏறும், குளிர்ச்சி குறையும். அதனால்தான் முதல் கட்டத்தை 3, 5 டிகிரியில் ஓட்டித் தண்ணீரை அங்கேயே இறக்கிவிட்டு, இரண்டாம் கட்டத்தை மைனஸ் 20-க்குக் கொண்டுபோகிறார்கள். ஈரம் அதிகமுள்ள இடத்தில் இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு கண்டென்சர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதை உருகவிடுவார்கள். சில கரைப்பான்களே உறைந்துவிடும். பென்சீன் 5.5 டிகிரியில், சைக்ளோஹெக்ஸேன் 6.5-ல், டைஆக்ஸேன் 12-ல், டிஎம்எஸ்ஓ 18.5-ல், டெர்ட் பியூட்டனால் 25-ல். பல ரியாக்டர்களுக்குப் பொதுவாக ஒரே பிரைன் ஓடும் ஆலையில், புதிய பொருளுக்கு சைக்ளோஹெக்ஸேன் வந்த முதல் நாளே வென்ட் அடைத்துக்கொள்ளும். அடைத்த வென்ட்டோடு சூடேறும் ரியாக்டர் உயிருக்கே ஆபத்து.

திடீரெனக் குளிரவைத்தால் ஆவி துளியாகாமல் மூடுபனியாகிவிடும். கண்டென்சரின் வெப்பநிலை சரியாக இருக்கும், கரைப்பான் பனித்துளியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். வெளியேறும் இடத்தில் கம்பிவலைத் திண்டு ஒன்று வைத்தால் ஓரளவு குறையும்.

உலர்த்தும் அடுப்பின் காற்றுக்குக் கண்டென்சர் போதாது

அச்சு, பூச்சு ஆலைகளின் நிலைமை வேறு. அங்கே அடுப்பில் காற்று பெருவெள்ளமாக ஓடும். ஆவியின் செறிவு வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருக்கும். தீப்பற்றும் கீழ்வரம்பில் 25 சதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. டொலுயீனுக்குக் கீழ்வரம்பு சுமார் 1.1 சதம், அதில் கால்பங்கு என்றால் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 10 கிராம். அந்தக் காற்றைக் குளிரவைத்தால் முதல் துளி டொலுயீன் விழுவதே மைனஸ் 17 டிகிரி வாக்கில்தான். அதற்கு முன்பே காற்றின் ஈரமெல்லாம் பனியாகிவிடும். இங்கே கண்டென்சர் விற்க வருபவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேளுங்கள். பேட்டரி ஆலைகளின் மின்முனைப் பூச்சில் உள்ள என்எம்பி என்ற கரைப்பான் இதற்கு விதிவிலக்கு. கொதிநிலை 202 டிகிரி என்பதால் காற்றைச் சாதாரணமாகக் குளிரவைத்தாலே பெரும்பகுதி இறங்கிவிடும். குளிர்ந்த காற்றைத் திரும்ப அடுப்புக்கே சுற்றவிடலாம்; மிச்சத்தைத் தண்ணீரில் கழுவிப் பிடிக்கலாம்.

டொலுயீன், எத்தில் அசிட்டேட் போன்றவற்றுக்கு கிளர்வூட்டப்பட்ட கார்பன் பெட். அளவு எப்படி வரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். மணிக்கு 10,000 கன மீட்டர் காற்று, கன மீட்டருக்கு 8 கிராம் டொலுயீன்: மணிக்கு 80 கிலோ. மூன்று மணிச் சுற்று என்றால் 240 கிலோ. கார்பனின் நடைமுறைக் கொள்ளளவு எடையில் 8 சதம் என்று வைத்தால் 3 டன் கார்பன் வேண்டும். காற்றின் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர் என்றால் பெட் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர், ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்படி இரண்டு பெட்: ஒன்று பிடிக்கும்போது மற்றது நீராவியில் விடும், பிறகு ஆறும். புதுக் கார்பனின் கொள்ளளவு கையேட்டில் 25, 30 சதம் என்றுகூட இருக்கும். அதை நம்பி அளவெடுத்தால் பெட் சிறிதாகிவிடும், ஏனென்றால் நீராவி எல்லாவற்றையும் பிடுங்காது; ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும்.

நீராவியைக் காற்று வந்த திசைக்கு எதிர்த் திசையில் விட வேண்டும். பெட்டின் வெளியேறும் முனைதான் மிகச் சுத்தமாக இருக்க வேண்டிய இடம். ஒரே திசையில் விட்டால் அழுக்கெல்லாம் அந்த முனைக்குத் தள்ளப்பட்டு, அடுத்த சுற்றின் முதல் நிமிடத்திலேயே புகைபோக்கியில் கரைப்பான் தெரியும். ஒரு கிலோ கரைப்பானுக்கு 3 முதல் 5 கிலோ நீராவி ஆகும். உள்ளே வரும் காற்று 40 டிகிரிக்குக் கீழும், ஈரப்பதம் 50 சதத்துக்குக் கீழும் இருக்கட்டும். முன்னால் தூசி வடிகட்டி இல்லாவிட்டால் ரெசினும் பிளாஸ்டிசைசரும் துளைகளில் ஏறி நிரந்தரமாகக் குடியேறிவிடும். நீராவிக்கு அவை அசையா.

எம்ஈகே, சைக்ளோஹெக்ஸனோன், அசிட்டோன் போன்ற கீட்டோன்கள் ஓடும் பெட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். கார்பன் மேல் அவை மெல்ல ஆக்ஸிஜனேறி வெப்பம் விடும். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அந்த வெப்பம் அடித்துச் செல்லப்படும். காற்று சரியாகப் போகாத மூலையிலும், வாரக் கடைசியில் நிறுத்தி வைத்த பெட்டிலும் அது தேங்கித் தீயாகும். உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் கார்பன் மோனாக்சைடை அளந்து வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் நம்பகமான முன்னெச்சரிக்கை. வெப்பமானிகளுக்கு நடுவே ஒரு சூட்டுப்புள்ளி எளிதில் ஒளிந்துகொள்ளும். நிறுத்தும் முன் முழுதாக நீராவி விட்டு, உலர்த்தாமல் ஈரத்தோடு, நைட்ரஜன் அடைத்து வைக்க வேண்டும்.

வெளிவரும் நீராவியைக் குளிர்வித்தால் டொலுயீன் மேலே மிதக்கும். தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம்தான் கரையும் என்பதால் அடுக்குகளைப் பிரிக்கும் டிகாண்டரிலேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். எத்தில் அசிட்டேட் சுமார் 8 சதம் கரையும், அசிட்டோன் முழுக்கக் கலந்துவிடும். போதாததற்கு எத்தில் அசிட்டேட் சூட்டில் நீரோடு வினைபுரிந்து அசிட்டிக் அமிலம் விடும். சாதாரண இரும்பு அரித்துப்போகும். அப்படிப்பட்ட கரைப்பான்களுக்கு நீராவிக்குப் பதில் சூடான நைட்ரஜனால் பெட்டை மீட்பது முதலில் செலவாகத் தெரிந்தாலும், பின்னால் தண்ணீரைப் பிரிக்கும் தொல்லை மிச்சம்.

கலக்காமல் சேர்ப்பது

பிடித்த கரைப்பானை ஒரே ‘ஸ்பென்ட்’ (பயன்பட்ட கரைப்பான்) டேங்க்கில் ஊற்றும் வழக்கம்தான் மீட்பைக் கெடுக்கும் முதல் எதிரி. டொலுயீனில் எம்டிசி கொஞ்சம் கலந்தது என்று வையுங்கள். கொள்ளளவில் 28 சதம் வாக்கில் கலக்கும்போது கலவையின் அடர்த்தி தண்ணீருக்குச் சமமாகிவிடும். டிகாண்டரில் மேலும் வராது, கீழும் போகாது. எரிக்க அனுப்பலாம் என்றால் குளோரின் வந்துவிட்டதால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பும். தனித்தனியே இருந்தால் இரண்டும் எளிதாக மீளக்கூடியவை.

அசிட்டோனோடு மெத்தனால் சேர்ந்தால் 88 சதம் அசிட்டோனில் அசியோட்ரோப் (ஆவியும் திரவமும் ஒரே விகிதக் கலவையாக இருக்கும் நிலை) ஆகும். சாதாரணப் பத்தியில் (வடிக்கும் கோபுரம்) எத்தனை முறை வடித்தாலும் அதற்கு மேல் போகாது. பத்தியின் மேல்பகுதியில் தண்ணீர் விட்டு வடித்தால் மெத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கி அசிட்டோன் மேலே வரும். ஆனால் அதற்குத் தனிப் பத்தி, கூடுதல் நீராவி. ஒரு குழாயைப் பிரித்துப் போட்டிருந்தால் இது எதுவும் தேவைப்பட்டிருக்காது. சில கலப்புகள் செலவோடு நிற்பதில்லை. குளோரோஃபார்மும் அசிட்டோனும் உள்ள டிரம்மில் காரம் சேர்ந்தால் வினை சீறி டிரம்மே வெடிக்கும். டிரைகுளோரோஎத்திலீனைக் காஸ்டிக்கோடு சூடாக்கினால் தானே தீப்பற்றும் டைகுளோரோஅசிட்டிலீன் உண்டாகும். ஸ்பென்ட் டிரம்மின் மேல் கரைப்பான் பெயர் மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பொருளின் எந்தக் கட்டத்திலிருந்து வந்தது, பிஎச் என்ன என்பதும் வேண்டும்.

வடிகலனில்

ஊற்றும் முன் தண்ணீர் அடுக்கைப் பிரித்து, வடிகட்டி, பிஎச்சை 6-க்கும் 8-க்கும் நடுவே கொண்டுவாருங்கள். அமிலம் இருந்தால் எஸ்டர் உடையும். எம்டிசியிலிருந்து கிளம்பும் குளோரைடு 316 ஸ்டெயின்லெஸ்ஸையும் குழி குழியாக அரிக்கும். டிஎம்எஃப் (டைமீத்தைல் ஃபார்மமைடு) டைமீத்தைல் அமீனாக உடைந்து மீன் வாடை அடிக்கும். கலனை 60, 70 சதத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். நுரை எழுந்தால் அழுக்கு நேராகப் பத்தியில் ஏறிவிடும். மேல்முனை வெப்பநிலை அசையாமல் நிற்கும்வரை முழு ரிஃப்ளக்ஸில் (குளிர்ந்த திரவம் முழுவதும் பத்திக்கே திரும்பும்படி), அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வைக்கவும். பிறகு முதல் 2 முதல் 5 சதத்தை முன்வெட்டாக எடுத்துத் தனியே வையுங்கள். நடுவெட்டில் ஒவ்வொரு மணியும் ஜி.சி. (வாயு நிறப்பகுப்பு) சோதனை பாருங்கள். கடைசி வெட்டை அடுத்த பேட்ச்சோடு சேர்க்கலாம். எத்தனை முறை என்பதற்கு ஓர் எல்லை வேண்டும்.

தண்ணீரை விரட்டுவதில் ஒவ்வொன்றும் ஒரு குணம். டொலுயீன் எளிது: 85 டிகிரியில் தண்ணீரை ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு மேலே வரும், குளிர்ந்ததும் தண்ணீர் தனியே பிரியும், டொலுயீனைத் திரும்ப விட்டால் போதும். ஐசோபுரோப்பனால் 88 சதத்தில், 80 டிகிரியில் நின்றுவிடும். எத்தனால் 95.6-ல் நிற்கும். அங்கிருந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் 3ஏ மூலக்கூறு சல்லடையோ, தண்ணீரை ஆவியாகக் கடத்தும் பெர்வாப்பரேஷன் சவ்வோதான் வழி. டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) சுமார் 95 சதத்தில் நிற்கும். ஆனால் அழுத்தம் கூடினால் அந்த எல்லை கீழே இறங்கும் என்பதால், ஒன்று சாதாரண அழுத்தத்திலும் மற்றொன்று 7, 8 பாரிலும் ஓடும் இரண்டு பத்திகளால் பிரிக்கலாம்.

ஒன்றை மட்டும் எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது: கலனை உலர வடிப்பது. அச்சு மைக் கழிவில் நைட்ரோசெல்லுலோஸ் இருந்தால் அடியில் உலர்ந்த வண்டல் தீப்பற்றி வெடிக்கும். டிஎச்எஃப்பில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு அடியில் செறியும். சூடாகும் சுவர் திரவத்துக்கு மேல் வெளிப்படும் முன்பே நிறுத்த வேண்டும். அதற்கு மட்ட அளவியோடு பூட்டிய தானியங்கி நிறுத்தம் வைக்கலாம். ஆளின் கண்ணை நம்பக் கூடாது.

திரும்பப் போடும்போது

மீட்பு விகிதத்தை உயர்த்தும்போது பலர் எதிர்பாராத ஒன்று நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 0.05 சதம் ஒரு மாசு புதிதாகச் சேர்கிறது, வடித்தலில் அது பிரிவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சதம் மீட்டு 10 சதம் புதியது சேர்த்தால், பயன்பட்ட கரைப்பானில் மாசு 0.5 சதத்தில் போய் நிற்கும். 98 சதம் மீட்டால் 2.5 சதத்தில் நிற்கும். இழப்பு ஐந்தில் ஒன்றாகும்போது மாசு ஐந்து மடங்காகிறது. இதுவரை வென்ட்டும் கழிவும் அந்த மாசையும் சேர்த்து வெளியேற்றிக்கொண்டிருந்தன. இனி அந்த வேலையை வடிக்கும்போது எடுக்கும் வெட்டுகளும் பத்தியும் செய்தாக வேண்டும். புதுக் கரைப்பானின் தரப் பட்டியலை அப்படியே மீட்டதற்கு வைத்தால் இது தெரியாது, ஏனென்றால் அந்தப் பட்டியல் நம் வினையில் பிறக்கும் துணைப்பொருளைத் தேடுவதே இல்லை. ஜி.சி.யில் பெயரில்லாத சிகரம் ஒவ்வொன்றும் சுற்றுக்குச் சுற்று வளர்கிறதா என்று வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டும்.

மருந்து ஆலைகளில் இதன் விலை என்ன என்பதை 2018-க்குப் பிறகு உலகமே பார்த்தது. வல்சார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் அபாயமுள்ள நைட்ரோசமீன் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்த விசாரணைகளில், நைட்ரோசமீன் நுழையும் வழிகளில் ஒன்றாக மீட்ட கரைப்பான்களும் சுட்டிக்காட்டப்பட்டன; குறிப்பாகப் பல வாடிக்கையாளர்களின் கரைப்பானை ஒரே கருவியில் வடிக்கும் வெளி ஆலைகள். டிஎம்எஃப்பில் டைமீத்தைல் அமீன் இருக்கும், வேறோர் இடத்திலிருந்து நைட்ரைட் வரும், இரண்டும் சந்தித்தால் போதும். மருந்துத் தரத்துக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் க்யூ7 மீட்ட கரைப்பானை அதே செயல்முறையிலோ வேறு செயல்முறையிலோ பயன்படுத்த அனுமதிக்கிறது. மீட்கும் முறை கட்டுப்பாட்டிலும் கண்காணிப்பிலும் இருந்து, தரம் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. அதே செயல்முறையின் அதே கட்டத்துக்கே திருப்பிக் கொடுப்பதுதான் என் பரிந்துரை. டொலுயீனில் பென்சீனையும் தேடுங்கள். ஐசிஎச் க்யூ3சி-யில் டொலுயீனுக்கு 890 பிபிஎம் எல்லை என்றால் பென்சீனுக்கு வெறும் 2 பிபிஎம். முன்வெட்டைச் சரியாக எடுக்காவிட்டால் அது சுற்றில் செறியும்.

வடித்தலில் தொலைந்துபோகும் நல்லவையும் உண்டு. டிஎச்எஃப்போடு வரும் பிஎச்டி (பெராக்சைடைத் தடுக்கும் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுயீன்) ஆவியாகாமல் அடியில் தங்கிவிடும்; மேலே வரும் டிஎச்எஃப்பில் பெராக்சைடைத் தடுக்க எதுவும் இருக்காது. ரிசீவரிலேயே, சூடு ஆறும் முன், 250 பிபிஎம் அளவுக்கு மறுபடி சேர்த்து, நைட்ரஜன் போர்வையில் வைத்து, பயன்படுத்தும் முன் பெராக்சைடு பட்டையில் சோதிக்க வேண்டும். எம்டிசியில் நிலைப்படுத்தியாக உள்ள அமிலீன் கிட்டத்தட்ட அதே கொதிநிலையில் வருவதால் முன்வெட்டில் ஒரு பகுதி போய்விடும். மீட்ட எம்டிசியின் அமிலத்தன்மையை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்த்து, குறைந்ததைச் சேர்த்த பிறகே டேங்க்குக்கு அனுப்புங்கள்.